முட்டி போடும் காட்சி

சாக்கோ சண்டை முடிந்து எண்பது வருஷம் கழித்து என் கணவன் அதில் கைதியாகப் பிடிபட்டான். பிடித்துக் கொடுத்தது என் சொந்தத் தம்பி.

உலகத்தில் வேறு யாருக்கும் அந்தச் சண்டை ஞாபகம் இல்லை. பராகுவேக்காரர்களான எங்களுக்கோ அது நேற்று நடந்த மாதிரி. தெருக்களுக்கெல்லாம் அதில் சண்டை போட்டவர்களின் பெயர்தான். செப்டம்பர் வந்தால் பள்ளிக்கூடத்தில் அதே பாட்டு, அதே நாடகம். பொலிவியாக்காரன் வடக்கே சாக்கோ முள்காட்டுக்குள் நுழைந்தான், நாம் அடித்து விரட்டினோம். அந்த மண்ணுக்கடியில் பெட்ரோல் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு ஏழை நாடுகள் மூன்று வருஷம் அடித்துக்கொண்டன. குண்டு பட்டுச் செத்தவர்கள் போக, நாக்கு வீங்கித் தாகத்தில் செத்தவர்கள் ஏராளம். அதில் இரண்டு பக்கத்து ஆட்களும் உண்டு. ஆனால் மக்கள் கூடி நின்று பார்க்கிற இடத்தில் தாகத்தைக் காட்ட முடியாது. ஓட்டத்தைத்தான் காட்ட முடியும்.

என் கணவன் பெயர் செனோன் திகோனா. ஊர் பொலிவியாவில் ஒரூரோ. நாங்கள் பார்த்துக்கொண்டது புவெனஸ் அயர்ஸில், ஜன்னல் இல்லாத ஒரு தையல் கூடத்தில். அங்கே எங்கள் இரண்டு நாட்டுக்காரர்களையும் முதலாளி ஒரே பெஞ்சில்தான் உட்கார வைத்திருந்தான். அர்ஜென்டினாக்காரனுக்கு எங்களுக்குள் வித்தியாசமே தெரியாது. கறுத்த தலை, குட்டை உருவம், பேசாமல் தைக்கும் கை. அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

வயிற்றில் பிள்ளையோடு அவனை லூகேவுக்கு, என் ஊருக்குக் கூட்டி வந்தேன். அம்மா வாசலிலேயே அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்று குவாரனியில் என்னிடம் கேட்டாள். அவனுக்கு அந்த மொழி தெரியாது. ஏதோ வரவேற்கிறாள் என்று நினைத்துத் தலை குனிந்து வணங்கினான்.

அடுத்த வருஷமே குவாரனியில் அம்மாவோடு சண்டை போடுகிற அளவுக்கு ஆகிவிட்டான். அவனுடைய மலைநாட்டுப் பேச்சில் ஸகரம் பாம்பு மாதிரி சீறும். அதை நாக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுத்தான். கடைக்கு 'சிரிலா' என்று என் பெயரைத்தான் வைத்தோம். பள்ளிச் சீருடை, கால்பந்துச் சட்டை, கல்யாண உடுப்பு எல்லாம் தைத்தோம். மகள் அராசெலிக்குப் பத்து வயதாகும்போது, செனோன் எந்த ஊர்க்காரன் என்பதே தெருவில் பாதிப் பேருக்கு மறந்து போயிருந்தது. அவனும் ஞாபகப்படுத்தவில்லை.

என் தம்பி டெர்லிஸுக்கு மின்கம்பம் ஏறுகிற வேலை. நல்லவன்தான். வாய்தான் நீளம். பெண்டாட்டி விட்டுப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தான். அப்போதுதான் அந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தான். வக்கீல், பல் வைத்தியர், வங்கிக் குமாஸ்தா, பஸ் முதலாளி என்று முப்பது பேர் சேர்ந்து சாக்கோ சண்டையைத் திரும்ப நடத்துகிற குழு. சிலர் கோழி வளர்ப்பார்கள், சிலர் மீன் பிடிக்கப் போவார்கள். இவர்கள் சண்டை போட்டார்கள். மனை வியாபாரம் செய்யும் தோன் வில்ஃப்ரிதோதான் தலைவர். அவருக்கு ஊருக்கு வெளியே பண்ணை இருந்தது, பெரிய மீசை இருந்தது. அதனால் எல்லா வருஷமும் அவர்தான் பராகுவே தளபதி.

டெர்லிஸ் ஒருநாள் துணி மூட்டையோடு கடைக்கு வந்தான். குழுவுக்குச் சீருடை வேண்டுமாம். நம் பக்கத்துக்குப் பச்சை, அந்தப் பக்கத்துக்குச் சாம்பல் கலந்த காக்கி. செனோன் பழைய போட்டோக்களை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துத் தைத்தான். பொத்தான்களைக்கூடப் பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்தான். அவனுக்கு வேலை அப்படி அமைந்தால் சாப்பாடு தேவையில்லை.

தைத்த உடுப்பைக் கொண்டு போய்க் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். பச்சைச் சட்டையை எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு மாட்டிப் பார்த்தார்கள். காக்கியை ஒருவரும் தொடவில்லை. எப்போதும் அப்படித்தானாம். தாமதமாக வருகிறவனும் புதிதாகச் சேர்ந்தவனும்தான் பொலிவியாக்காரனாக வேண்டும். வருகிறவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, முதல் வெடிச் சத்தத்திலேயே செத்துப் படுத்துவிடுவான். அளவு பார்ப்பதற்காகத் தோன் வில்ஃப்ரிதோ காக்கிச் சட்டையைச் செனோன் தோளில் போட்டுப் பார்த்தார். தொப்பியையும் வைத்தார்.  பார்த்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"அடேயப்பா, போட்டோலேர்ந்து எறங்கி வந்த மாதிரில்ல இருக்கு," என்றார் பல் வைத்தியர்.

"எங்க மச்சான் அசல் சரக்கு," என்றான் டெர்லிஸ். "ஒரூரோ. நேரா மலையிலேர்ந்து எறக்குனது."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். அன்றைக்கு அது எனக்குக்கூடச் சிரிப்பாகத்தான் இருந்தது.

செனோன் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தான் என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். அவன் போனது சண்டைக்காக இல்லை. வாரத்தில் ஆறு நாளும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வட்டம் கிடைத்தது. சுட்ட இறைச்சி, மரவள்ளிக் கிழங்கு, கை மாறிக்கொண்டே வரும் தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தேநீர். வக்கீல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வங்கிக்காரர் தன் மகள் கல்யாணம் நடக்கும்போது கட்டாயம் வர வேண்டும் என்றார். லூகேயில் இத்தனை வருஷம் இருந்தும் அவனுக்கு ஒரு சிநேகிதன் கிடையாது. என் தம்பியைத் தவிர.

இன்னொன்றும் இருந்தது. அதை அவன் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னான். அவனுடைய தாத்தாவின் அண்ணன் ஒருவர் அந்தச் சண்டைக்குப் போனவர். செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. வீட்டில் கடைசி வரைக்கும் 'சாக்கோவுக்குப் போயிருக்கார்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம், ஏதோ சந்தைக்குப் போயிருக்கிற மாதிரி.

"செத்த மாதிரி மண்ணுல கன்னத்த வச்சுப் படுத்திருப்பேன்ல," என்றான். "அப்ப தோணும், அந்தாளும் இப்படித்தான எங்கயோ கெடக்காருன்னு. பக்கத்துல படுத்திருக்குற மாதிரி இருக்கும் சிரிலா."



வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில், போகெரோன் கோட்டையைப் பிடித்த வெற்றி நாள் விடுமுறையன்று, குழு வடக்கே சாக்கோவுக்குப் போய்ப் பெரிய சண்டை நடத்தும். கோட்டை இருந்த இடத்தில் நினைவிடம் இருப்பதால் அங்கே நடத்த முடியாது. அதே மாதிரி முள்ளும் வெள்ளைத் தூசியுமாக இருக்கும் ஒரு மாட்டுப் பண்ணையில் பதுங்குகுழி வெட்டி, டயர் கொளுத்திப் புகை போட்டு நடத்துவார்கள். சுற்று வட்டாரத்திலிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

முதல் வருஷம் செனோன் செத்தான். ரொம்ப நன்றாகச் செத்தான். மற்றவர்கள் சட்டை அழுக்காகாத இடமாகப் பார்த்து விழுகிறபோது, இவன் ஓடி வந்து முள்ளுக்குள்ளேயே விழுந்தான். தோன் வில்ஃப்ரிதோவுக்கு அது பிடித்துப்போனது. இவ்வளவு நல்ல ஆளை ஆரம்பத்திலேயே சாகவிடக் கூடாது என்று அடுத்த வருஷம் புதிதாக ஒரு காட்சி எழுதினார். கடைசியில் ஒரு பொலிவியாச் சிப்பாய் பிடிபடுகிறான். தளபதியின் பூட்ஸுக்கு முன்னால் முட்டி போட்டு, கை கூப்பித் தண்ணீர் கேட்கிறான். தளபதி தன் குடுவையைத் திறந்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை அவன் தலையில் ஊற்றுகிறார். கொடி ஏறுகிறது.

ஒரே ஒரு குறைதான் கண்டுபிடித்தார்.

"ஏம்ப்பா செனோன், நீ லூகேக்காரன் மாதிரி பேசுறியே. ஜனங்க எப்படி நம்பும்? ஒங்க ஊர்ப் பேச்சு பேசு."

செனோன் கண்ணாடி முன்னால் நின்று தன்னுடைய பழைய பேச்சைத் திரும்பப் பழகினான். அந்தச் சீறும் ஸகரம் முதலில் வரவே இல்லை. பிறகு வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் இருந்த அராசெலி அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து அவளுடைய அப்பா அப்படிப் பேசிக் கேட்டதில்லை. "யாருப்பா அது?" என்றாள். அவன் சிரித்தான்.

அந்தக் காட்சியை யாரோ போனில் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். லட்சம் பேர் பார்த்தார்கள் என்று டெர்லிஸ் துள்ளிக் குதித்தான். கொஞ்ச நாளில் கடை வாசலில் விளையாடும் பொடிசுகள் முட்டி போட்டு, "தண்ணி சாமி, தண்ணி" என்று ஸகரத்தை இழுத்துக் கூவ ஆரம்பித்தன. பேன்ட் தைக்க வந்தவன், "என்னப்பா போலி, தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு அளவுக்குக் கையைத் தூக்கினான். பொலிவியாக்காரனை எங்கள் ஊரில் சுருக்கி அப்படித்தான் கூப்பிடுவார்கள். சண்டைக் காலத்து வசவு. வீடு கட்டி, வரி கட்டி, பராகுவே அடையாள அட்டையும் வாங்கி வைத்திருந்தவனுக்கு அந்தப் பெயர் மூன்றே மாதத்தில் ஒட்டிக்கொண்டது.

அராசெலிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பையில் யாரோ தண்ணீர் பாட்டிலை ஊற்றிவிட்டிருந்தார்கள். புத்தகமெல்லாம் ஊறி உப்பிப்போயிருந்தது. அவள் அழவில்லை. பக்கம் பக்கமாக இஸ்திரிப் பெட்டி போட்டுக் காய வைத்தாள்.

அன்றைக்கு நான் செனோனிடம் தகராறு செய்தேன். இந்தக் கூத்தெல்லாம் போதும், அடுத்த வருஷம் போகாதே என்றேன்.

"வெளையாட்டு சிரிலா. வெளையாட்டுல யாராவது ஒருத்தன் தோக்கணும்ல?"

"ஒரு வருஷம் அவங்க தோக்கட்டுமே. தோன் வில்ஃப்ரிதோ முட்டி போடட்டும்."

"அவருக்கு முட்டி வலி," என்றான்.

நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். நான் சொன்னதை அவனும் யோசித்துக்கொண்டுதான் இருந்தானாம். விட்டு வர மனசில்லை. ஆனால் அடுத்த தடவை முட்டி போடமாட்டான். நின்றபடியே தண்ணீர் கேட்பான். தளபதி தலையில் ஊற்றுவதற்குப் பதிலாக, கைதியைப் பிடித்து வரும் சிப்பாயாக நடிக்கிற டெர்லிஸ் தன் குடுவையைக் கொடுக்கட்டும், இவன் குடிக்கட்டும். நிஜமாகவே அப்படியும் நடந்திருக்கிறது, எதிரிக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள் என்றான்.

டெர்லிஸ் உடனே ஒத்துக்கொண்டான். இது இன்னும் நன்றாக இருக்கும், ஜனங்கள் அழுவார்கள் என்றான். தோன் வில்ஃப்ரிதோவிடம் தானே பேசிச் சரிக்கட்டுவதாகச் சொன்னான். எங்கள் முற்றத்தில் மாமரத்தடியில் இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தார்கள். செனோன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். டெர்லிஸ் குடுவையை நீட்டினான்.

"குடி மச்சான். என் கையால குடிக்கக் குடுத்து வச்சிருக்கணும் நீ."

"தண்ணிதானா மாப்ள, இல்ல வேற எதாவது கலந்திருக்கியா?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தேன். என் மனசும் கொஞ்சம் இறங்கியது. அதனால்தான் அந்த வருஷம் அராசெலியையும் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். அப்பா நிமிர்ந்து நிற்பதை அவள் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் சாக்கோவில் வெயில் செப்டம்பரிலேயே, எங்கள் கோடை உச்சமான டிசம்பர் மாதிரி அடித்தது. வடகாற்று வெள்ளைத் தூசியை வாரிக்கொண்டு வந்தது. டெலிவிஷன்காரர்கள் வந்திருந்தார்கள். ராணுவத்துக் கர்னல் ஒருவர் வந்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே அராசெலி என்னை விட்டு விலகி, குழுக்காரர்களின் பெண் பிள்ளைகளோடு கயிற்றோரம் போய் நின்றுகொண்டாள். நான் இரண்டு வரிசை பின்னால் இருந்தேன்.

வெடி, புகை, ஓட்டம் எல்லாம் வழக்கம்போல் நடந்தது. காக்கிகள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் செனோனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் அராசெலியிடம், "அந்தப் போலி ஒங்க அப்பாதானே?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அராசெலி, "இல்ல, எங்க கடையில வேல பாக்குறவரு," என்றாள்.

செனோன் தளபதியின் முன்னால் வந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கூட்டத்தில் ஒருத்தன், "முட்டி போடுடா போலி!" என்று கத்தினான். போன வருஷத்து வீடியோவைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம். எல்லோருக்கும் அது தெரியும். பத்துப் பேர், இருபது பேர் கத்தினார்கள். கை தட்டித் தாளம் போட்டார்கள். செனோன் பழைய பேச்சில், சத்தமாக, "ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டான். கெஞ்சவில்லை. வழிப்போக்கன் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்பது மாதிரிக் கேட்டான்.

தோன் வில்ஃப்ரிதோவுக்கு முகம் சிவந்தது. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கர்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டெர்லிஸைப் பார்த்துத் தாடையை ஒரு வெட்டு வெட்டினார்.

டெர்லிஸ் செனோனுக்குப் பின்னால் நின்றிருந்தான். இடுப்பில் குடுவை தொங்கியது. கையில் பழைய மவுசர் துப்பாக்கி. சுடாது, ஆனால் அதன் கட்டை நிஜக் கட்டை. அவன் அதை இரண்டு கையாலும் தூக்கி, செனோனின் வலது முட்டிக்குப் பின்னால் ஓங்கி அடித்தான்.

செனோன் விழுந்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தவனை டெர்லிஸ் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி முட்டியில் நிறுத்தினான். தோன் வில்ஃப்ரிதோ அவன் தலையில் தண்ணீரை ஊற்றினார். கொடி ஏறியது. அவ்வளவு கை தட்டலை அந்தக் குழு அதுவரைக்கும் வாங்கியதில்லை. கர்னல் எழுந்து நின்று தட்டினார்.

நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். யாரும் தடுக்கவில்லை. அதையும் நாடகம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒரு டெலிவிஷன்காரன் என் பின்னாலேயே காமிராவோடு வந்தான். செனோன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கால் வரல," என்றான். குவாரனியில் சொன்னான்.

பண்ணையின் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். முட்டிக்குள் தசைநார் அறுந்திருந்தது, இன்னும் என்னவோ கிழிந்திருந்தது. அறுவை செய்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு செனோன், "சாக்கோ சண்டையில," என்றான். அந்த ஆள் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் போலீசுக்குப் போகலாம் என்றார். நானும் அதையேதான் சொன்னேன். செனோன் கேட்கவில்லை.

"போய் என்னன்னு சொல்ல? பராகுவே சிப்பாய் பொலிவியா சிப்பாய அடிச்சுட்டான்னா? சிரிச்சு அனுப்பிருவாங்க."

டெர்லிஸ் மறுநாள் வந்தான். உள்ளே போகத் துணிச்சல் இல்லாமல் வராந்தாவில் நின்றான். பச்சை உடுப்பைக் கழற்றிவிட்டிருந்தான், ஆனால் காது ஓரத்தில் வெள்ளைத் தூசி இன்னும் ஒட்டியிருந்தது. நான் அவனைச் சுவரோரமாக நிறுத்திக் கேட்டேன்.

"தோன் கிட்ட சொல்றேன்னியே, சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேங்க்கா. இந்த வருஷம் என்னைய சார்ஜென்ட் ஆக்குறேன்னு சொல்லியிருந்தாரு. அந்த நேரத்துல போயி..."

"சரி. அத விடு. ஏண்டா அடிச்ச?"

அவன் காது ஓரத்தைச் சொறிந்தான்.

"சத்தியமாத் தெரியலக்கா," என்றான். "அடிக்கணும்னு நெனைக்கல. தண்ணி குடுக்கத்தான் நின்னேன். குடுவை மூடியக்கூடத் தொறந்து வச்சிருந்தேன். அவன் நிமிந்து நிக்கிறான், கூட்டம் கத்துது, தோன் என்னையப் பாக்குறாரு. அந்த நிமிஷம் எனக்கு மச்சான் தெரியலக்கா. ஒரு போலி திமிரா நிக்கிற மாதிரி தெரிஞ்சுது. இவன் யாரு எங்க மண்ணுல இப்படி நிக்கிறதுக்குன்னு..."

"இப்ப என்ன தெரியுது?"

அவன் அழுதான். சின்ன வயதில் அவன் அழுதால் நான்தான் துடைத்துவிடுவேன். அன்றைக்கு அவனை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

வீட்டுக்கு வந்த வாரத்தில் தோன் வில்ஃப்ரிதோ வந்தார். பெரிய சட்டம் போட்ட ஒரு போட்டோ கொண்டுவந்திருந்தார். துப்பாக்கிக் கட்டை இறங்குகிற கணம், செனோனின் முகம் வானத்தைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறது. பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்த படமாம். கடைச் சுவரில் மாட்டினால் வியாபாரத்துக்கு நல்லது என்றார். அடிபட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். அடுத்த மூச்சிலேயே, நடிப்பு என்றால் இதுதான் நடிப்பு என்று பல் வைத்தியர்கூடச் சொன்னதாகச் சொன்னார். செனோன் படுக்கையில் இருந்தபடியே நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். அவர் போனதும், துணிக் கட்டுகளுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னான். உடைக்கலாம் என்றேன். "சட்டம் நல்ல மரம்," என்றான்.

அதற்குப் பிறகு அவன் குழுவுக்குப் போகவில்லை. வட்டத்திலிருந்து யாரும் தேடி வரவும் இல்லை. வங்கிக்காரர் மகள் கல்யாணம் அந்த நவம்பரில் நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. செனோன் வலது காலால் மெஷினை மிதிக்க முடியாமல் இடது காலுக்குப் பழகினான். தையல் முன்னே மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை, எனக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு அங்கங்கே இழுத்தது.

டெர்லிஸ் மாதம் ஒருமுறை வருவான். செனோன் அவனை வா மாப்ள, உட்கார் மாப்ள என்றுதான் சொன்னான். குழாய் ஒழுகினால் அவனைத்தான் கூப்பிட்டான். கோபமே இல்லையா என்று கேட்டால், அவன் மேல் கோபப்பட்டால் பிறகு பேசுவதற்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். என்னால் அப்படி முடியவில்லை. தம்பிக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறேன், சாப்பாடு வைக்கிறேன். முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அம்மா என்னைத்தான் கல் நெஞ்சுக்காரி என்கிறாள்.

அராசெலி அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தோள் கொடுத்துக் கழிவறைக்குக் கூட்டிப் போனாள், மருந்து போட்டாள், பாடம் படித்துக்கொண்டே அவன் காலைப் பிடித்துவிட்டாள். கயிற்றோரம் அவள் சொன்னதை நான் கேட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. செனோனிடம் நான் சொல்லவும் இல்லை.

பிப்ரவரியில் அவளுக்குத் தலைநகர் அசுன்சியோனில் வேறு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. லூகேயில் இனிமேல் படிக்க மாட்டேன் என்று அவளே அலைந்து வாங்கிய இடம். அந்தப் பள்ளியில் சட்டைப் பைக்கு மேலே பெயரை எம்பிராய்டரி செய்துகொண்டு வர வேண்டும். எங்கள் வழக்கத்தில் அப்பா குடும்பப் பெயர் முதலில், அம்மா குடும்பப் பெயர் பிறகு. அராசெலி திகோனா பொகாதோ. அவள் புதுச் சட்டையை எடுத்துக்கொண்டு சமையலறையில் என்னிடம் வந்தாள். இடம் கம்மியாக இருக்கிறது, பொகாதோ மட்டும் போதும், நீ அப்பாவிடம் சொல்லேன் என்றாள்.

"நான் சொல்ல மாட்டேன். வேணும்னா நீயே போய்க் கேளு."

போக மாட்டாள் என்று நினைத்தேன். போனாள். நான் கதவோரம் நின்றேன். அவள் குனிந்துகொண்டு, ஏதோ இடம், அளவு என்று சொன்னாள். செனோன் சட்டையை வாங்கிப் பைக்கு மேலே விரலால் அளந்தான். மூன்று பெயர்களும் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். அது அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"எந்தக் கலர் நூல் போடச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டான்.

"நீலம்."

"இதுல அடர் நீலமா, வெளிர் நீலமா?"

அவள் அடர் நீலத்தைக் காட்டினாள். பொகாதோ என் அப்பாவின் பெயர். என் தம்பியின் பெயரும் அதுதான். செனோன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கையாலேயே தைத்தான். அராசெலி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.  கடைசி எழுத்தை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை உதறி அவள் கையில் கொடுத்தான்.

"கைப்பக்கம் டைட்டா இருக்கான்னு போட்டுப் பாரும்மா," என்றான்.